பக்கத்து வீட்டுக் கோபம்

"பக்கத்து வீட்டு அஞ்சலைக்குக் கோவம் வருமாம்மா?" என்று கேட்டான் சிவானந்தம்.

"அஞ்சலைக்கா? அதிர்ந்தே பேசாதுங்க தம்பி" என்றாள் சின்னப்பிள்ளை.

சிவானந்தம் திருச்சி காலேஜில் மனோதத்துவம் படிப்பவன். மனிதர்களின் கோபத்தை ஆராய அன்னவாசலுக்கு வந்திருந்தான். "ஒருத்தருடைய கோபத்தைப் பற்றி அவரிடம் கேட்காதே, பக்கத்து வீட்டில் கேள். எதற்கென்று மட்டும் சொல்லாதே. சொன்னால் பதிலை மாற்றிவிடுவார்கள்" என்பது புரொபசரின் உத்தரவு.

"யார்கூடவாவது சண்டை போட்டிருக்காங்களா?"

"அது வாயத் தொறந்தே நான் பாத்ததில்ல. வேலையில சுறுசுறுப்பு. கொழம்பு வச்சா தெருவே மணக்கும்."

கேட்காததற்கும் பதில் கிடைத்த திருப்தியில் சிவானந்தம் கிளம்பினான். தெருமுனையில் குடை ஞாபகம் வந்து திரும்பினான். வாசலை நெருங்கும்போதே சின்னப்பிள்ளையின் புருஷன் குரல் உள்ளேயிருந்து கேட்டது.

"ஏன்டி, நேத்து ஒன் மேல சாணித் தண்ணிய ஊத்துனவளா வாயே தொறக்காதவ? அந்த வீட்டோட நமக்குப் பல வருசமாப் பேச்சுவார்த்தையே கெடையாதே!"

"அது எங்களுக்குள்ள. பொண்ணப் பத்தி விசாரிக்க வந்த மாப்பிள வீட்டு ஆளுகிட்ட அதையா சொல்லுவாக?"

அதோடு நிற்கவில்லை. கொல்லைச் சுவரருகே போய் அஞ்சலையின் தாயைக் கூப்பிட்டாள்.

"மூக்காயி அக்கா! பழச மனசுல வச்சுக்காத. ஒன் மகளுக்கு வரன் வந்திருக்கு. வாசலத் தெளிச்சுக் கோலத்தப் போடு!"

"நெசமாவா சின்னப்புள்ள?" என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல். அது அழுதுகொண்டிருந்தது.

சிவானந்தம் குடையை எடுக்காமலே திரும்பி நடந்தான்.