பூங்கொடி கார்ட்ஸுக்குப் புது மேனேஜர்

“மரத்த வெட்டி ரோட்ல போட்டா வேலை வந்துடுமா? திறமை இருக்கிறவன் தானா மேல வரட்டும். இவனுக்கு இவ்ளோ, அவனுக்கு அவ்ளோன்னு இன்னாத்துக்கு ஒதுக்கணும்?”

பேப்பரை மேசையில் வீசினார் கந்தசாமி. கள்ளக்குறிச்சியில் வாழ்த்து அட்டை போடும் பூங்கொடி கார்ட்ஸின் முதலாளி.

அது எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். நாலு நாளாக பஸ் இல்லை.

“சிவகாசிக்காரன் பொங்கல் அட்டை சாம்பிள் ஆல்பம் முன்னாடியே கடைக்கு வந்துட்டுது. நம்மளுது இந்த வாரம் போவலைன்னா ஆர்டரெல்லாம் அவனே அள்ளிக்கினு போயிடுவான். எங்கப்பா ஒத்த மிஷினோட ஆரம்பிச்ச கம்பெனி, இருபத்தஞ்சாவது வருசத்துல படுத்துடும் போலக்குதே!”

“நான் எடுத்துக்கினு போறேன் மொதலாளி” என்றான் பழனி.

பன்னிரண்டு வருசமாக அங்கே மிஷின் ஓட்டுகிறவன். ஆல்பத்தின் முதல் அட்டை, கரியாலூர் அருவியும் பொங்கல் பானையும், அவன் கையால் வரைந்தது.

“போய்ட்டு வாடா! மேனேஜர் வேலை காலியாத்தான் கெடக்குது. நீ ஆர்டரோட வா, இன்னிக்கே பேரைச் சொல்லிடலாம்.”

பழனிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆல்பத்தோடு சங்கராபுரம் பார்த்து வரப்பிலே சைக்கிளை ஓட்டினான். ரோட்டில் புளியமரம் கிடந்த இடத்தில் தோளில் தூக்கினான். மறியல்காரர் ஒருவர் ஆல்பத்தை வாங்கிப் பிரித்தார். பழனிக்கு உயிர் போய் வந்தது.

“அட, நம்ம கரியாலூர் அருவியாச்சே!”

அவரே ஒரு கை கொடுத்து சைக்கிளை அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்.

சங்கராபுரத்தில் ஏழு கடை. ஏழு கடையும் அருவி அட்டையைத்தான் முதலில் கேட்டது.

பொழுது சாயத் திரும்பியவன், சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. அப்படியே சாய்த்துவிட்டு உள்ளே ஓடினான்.

“இருபதாயிரம் அட்டை மொதலாளி!”

கந்தசாமி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“கம்பெனியைக் காப்பாத்திட்டடா! எல்லாரும் வாங்க, புது மேனேஜர் பேரைச் சொல்லப் போறேன்!”

ஜிலேபிப் பொட்டலம் பிரிந்தது. பழனி வியர்த்த கையை அவசரமாக வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“நம்ம மாப்ள சிவசங்கர்!”

கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. சென்ட் மணக்க நின்றிருந்த மாப்பிள்ளை எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

“மொதலாளி... அவரு பிரஸ் பக்கமே வந்ததில்லீங்களே?” என்றான் பழனி.

கந்தசாமி சிரித்துக்கொண்டே அவன் வாயில் ஜிலேபியைத் திணித்தார்.

“அதனால இன்னாடா? எங்கப்பா காலத்துலேர்ந்து அது எங்க வூட்டு ஆளுங்களுக்குன்னே ஒதுக்கி வெச்ச எடமாச்சே!”