வெள்ளைப் புகை

புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், மல்கிரேவ் என்ற புறநகரில் ஒரு பழைய பலகை வீடு. முன்னறையில் கஜந்தி ஹீட்டரின் ரிமோட்டைப் பிடித்தபடி நிற்கிறாள். சுவரில் இருக்கும் பெட்டி சூட்டுக் காற்றை நிறுத்திவிட்டது. இப்போதுதான் குளிக்கவார்த்த பச்சைக் குழந்தை துவாய்க்குள் சுருண்டு அவள் தோளில் கிடக்கிறது. அதன் கால்விரல்களைத் தொட்டுப் பாருங்கள், ஐஸ்தான். ஜன்னலுக்கு வெளியே புல்லெல்லாம் உறைபனி. ஹீட்டரின் வெளிப்பெட்டிக்கு முன்னால் கணவன் மயூரதன் குந்தியிருக்கிறான். பெட்டியின் விசிறி நின்றுபோய்க் கிடக்கிறது, பின்புறத் தகடெல்லாம் ஐஸ் அப்பியிருக்கிறது. திடீரென்று அதற்குள்ளிருந்து வெள்ளையாய் எழும்புகிறது.

"ஐயோ, புகையுதப்பா! நிப்பாட்டப்போறன்!"

"நிப்பாட்டாதையும்! அது புகையில்லை, ஆவி. ஐஸை உருக்க இடைக்கிடை தானே ஊதிறதை நிப்பாட்டி, உருகினாப் பிறகு திரும்ப ஊதுமாம், இதைச் சுவரிலை பூட்டித் தந்த கடைக்காரன் சொன்னவன். ஒவ்வொருக்காலும் நாங்கள் பயந்து நிப்பாட்டித்தான் இப்பிடிக் கட்டியிருக்கு."

"கடைக்காரனுக்கென்ன? அவன்ரை பிள்ளையே இஞ்சை விறைக்குது?"

குளிப்பாட்டியதும் குழந்தைக்குக் காட்டிய சாம்பிராணிப் புகை இன்னும் அறை முழுக்க மணக்கிறது. எங்கேயாவது வயர் கருகினாலும் அவள் மூக்குக்குப் பிடிபடாது. பெருவிரல் பொத்தானை விட்டு அசையவில்லை. வெளியே ஆவி தடித்து மயூரதனின் முகத்தை மறைக்கிறது. ஐஸ் விண்டு விழுகிற சத்தம் கேட்கிறது. அவன் வெறுங்கையை அந்த வெள்ளைக்குள் நீட்டி எடுத்து, நனைந்த உள்ளங்கையை ஜன்னல் கண்ணாடியில் அழுத்திக் காட்டுகிறான். நீர் வழிகிறது. கஜந்தி ரிமோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு, குழந்தையின் பாதங்கள் இரண்டையும் தன் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். சுவர்ப் பெட்டி இன்னும் ஊதவில்லை.