எட்டாம் நம்பருக்கு ஓர் எதிர்க்கட்சி

"இந்தப் பொண்ணை நம்பி நடு மைதானத்தைக் குடுத்திருக்காங்க பாரு, அவங்களச் சொல்லணும்!" என்று ஆரம்பித்தார் மதுரைவீரன்.

முனிராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏன்ணா, இன்னைக்கு ஒருநாளாவது சும்மா இருக்கக்கூடாதா? பெங்களூரு கிளப்புல இருந்து ஆள் வந்திருக்காங்க. ஒரே ஒரு பொண்ணைத்தான் எடுக்கப்போறாங்க. ஹாஸ்டல், படிப்பு, கோச்சிங் எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. உங்க பேச்சு அவங்க காதுல விழுந்துச்சு, கவிப்ரியா கதை முடிஞ்சுது."

"அவங்க அந்தக் கோடியில உக்காந்திருக்காங்க. நீ பேசுப்பா."

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை காலை பெண்கள் ஆட்டம் என்றால் முனிராஜும் ஹரீஷ்குமாரும் மைதானத்துக்கு வராமல் இருக்கமாட்டார்கள். ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட், கால்பந்துப் பைத்தியத்திலும் ஒரே ரகம். எட்டாம் நம்பர் சட்டை போட்ட பதினாறு வயது கவிப்ரியா பெரிய ஆளாக வருவாள் என்பது முனிராஜ் கட்சி. வருவாள், ஆனால் இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்பது ஹரீஷ் கட்சி.

நாலு மாதத்துக்கு முன் பக்கத்துப் பேரிகை ஊரிலிருந்து வந்து சேர்ந்த மதுரைவீரன் மட்டும் எதிர்க்கட்சி. எத்தனை இடம் காலியாகக் கிடந்தாலும் இவர்கள் இருவருக்கும் நடுவில்தான் இடித்துக்கொண்டு உட்காருவார். உட்கார்ந்ததும் அந்தப் பெண்ணைக் கரித்துக்கொட்டுவார். ஆனால் இடைவேளையில் டீயும் வடையும் அவர் உபயம். அதனால் விரட்டவும் மனசு வராது.

"தோ, பாருங்க!" முனிராஜ் துள்ளினான். "பந்து வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்தா, பாத்தீங்களா? யாரு எங்க நிக்கிறாங்கன்னு மனசுல வாங்கிக்கிட்டா!"

"பாத்தா ஆச்சா? பந்தை யாருக்குக் குடுத்தா? அதைச் சொல்லு."

"வலது பக்கம் ஓடுற ரெட்டை ஜடைக்கு! ரெண்டு பேருக்கு நடுவுல, இத்தினியூண்டு சந்துல!"

"பயந்துக்கிட்டு எங்கியோ தள்ளிவிட்டிருப்பா."

"பயமா?" இப்போது ஹரீஷுக்கே பொறுக்கவில்லை. "மூணு பேரு வந்து மறிச்சாங்கணா! பந்தைக் காலடியில இழுத்து, அப்படியே ஒரு சுத்து சுத்தி வெளிய வந்தா. சக்கத் குரு, பிரமாதம்! அவளுக்கு இடது கால் சரியில்லை, தெம்பும் பத்தாதுன்னு நான்கூடச் சொல்லுவேன். ஆனா இந்த வயசுல இப்படி மூளையோட ஆடுற பொண்ணை நான் பாத்ததில்லை."

"என்னது? சத்தமாச் சொல்லு."

"இப்படி மூளையோட ஆடுற பொண்ணை நான் பாத்ததே இல்லை!" என்று ஹரீஷ் கத்தினான். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஹும்," என்றார் மதுரைவீரன்.

இரண்டாம் பாதியில் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. எதிரணியில் ஓர் உயரமான பெண் முழு வேகத்தில் வந்து மோதினாள். கவிப்ரியா சுருண்டு விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

முனிராஜ் பதறி எழுந்தான். பக்கத்தில் மதுரைவீரனும் எழுந்து நின்றார். சட்டைப் பையைக் கையால் பிடித்துக்கொண்டார். அரை நிமிடம் கழித்து அந்தப் பெண் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எழுந்துட்டாளா? வாயைத் தொறந்து சொல்லுப்பா!" என்று முனிராஜின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"உங்களுக்குக் கண்ணு தெரியலையாணா? எழுந்துட்டா! சாக்ஸை இழுத்து விட்டுக்கிட்டு நல்லாத்தான் ஓடுறா!"

"எல்லாம் நடிப்பு," என்றார்.

கடைசி இரண்டு நிமிடம். நடுக்கோட்டில் பந்தை வாங்கினாள் கவிப்ரியா.

"தானே அடிக்கப் போறா, கெடுக்கப் போறா!"

"இல்லைணா, நிக்கிறா... தலையைத் தூக்கிப் பாக்குறா... விட்டா! தடுக்குற எல்லாரையும் தாண்டி, நேரா ரெட்டை ஜடை காலுக்கு! கோல்! கோல்ணா! பாதி கோல் கவிப்ரியாவுது!" முனிராஜும் ஹரீஷும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

விசில் ஊதியது. பெங்களூரிலிருந்து வந்திருந்த பெண் கோச் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, நோட்டைப் புரட்டினார். எட்டாம் நம்பரின் தோளில் கை வைத்தார். மைக்கில் கவிப்ரியா பெயர் வந்தது.

"இப்ப சொல்லுங்க! இப்ப என்ன சொல்றீங்க?" என்று வெற்றிக் களிப்போடு திரும்பினான் முனிராஜ்.

மதுரைவீரன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். கண்ணீர் தாடையில் வழிந்தது.

"நாலு மாசமா ஒரு வாரம் விடாம அந்தப் பொண்ணுக்காக என்கூட மல்லுக்கு நின்னீங்க. நீங்க நல்லா இருக்கணும் சாமி. உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து முழித்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஸ்பீக்கரை அழுத்தினார். பாத்திரங்கள் உருளும் சத்தம், நாலைந்து பெண்கள் கைதட்டும் சத்தம், அதற்கு நடுவே ஒருத்தி விம்மி விம்மி அழும் சத்தம் கேட்டது.

"யாருணா லைன்ல?" என்றான் ஹரீஷ்.

"என் சம்சாரம் செல்லி. கவிப்ரியாவோட அம்மா. ஆட்டம் ஆரம்பிச்சதுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா," என்றார் மதுரைவீரன். "கம்பெனி கேன்டீன்ல வேலை, ஞாயித்துக்கிழமையும் லீவு கிடையாது, கேமரா போனும் உள்ள விடமாட்டாங்க. பொண்ணு நல்லா ஆடுறான்னு நான் சொன்னா, பெத்தவன் வேற எப்படிச் சொல்லுவேன்னு நம்பவே மாட்டேங்குறா... நீங்க சண்டை போட்டுச் சொன்னாத்தான் நம்புறா."