ஜன்னலோர இருக்கை

“பைன்டவுனுக்குப் போயிடலாம், டூபே,” என்றாள் என் மனைவி லெங்கிவே. “அயாண்டாவுக்கு அங்க நல்ல ஸ்கூல்ல இடம் கிடைச்சிருக்கு. இங்க வாத்தியாருக்கு அவ பேரே தெரியாது.”

நான் பதில் சொல்லவில்லை. உம்லாசியில் இந்த வீட்டை என் கையால் கட்டினேன்.

“எப்பவும் இப்படித்தான், வாயத் திறக்க மாட்டீங்க. நீங்க வரலன்னா நாங்களும் போகல. பொண்ணு படிப்பு நாசமாப் போகட்டும்.”

மகளைச் சொன்னதும் இளகிவிட்டேன்.

காலையில் வாசல் முள்மரத்தில் ஒரு கிளையை ஒடித்தாள். “வாங்க டூபே, கிளம்பலாம்.”

வேனில் எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்தாள். கிளையை ஜன்னலோரம் வைத்தாள். வீடு மாறும்போது செத்தவரைக் கிளையில் அழைத்துப்போவது எங்கள் வழக்கம். போய்ச் சேரும்வரை கிளை சுமப்பவர் செத்தவரிடம் மட்டுமே பேச வேண்டும். வேறு யாரிடமாவது பேசினால், செத்தவர் அங்கேயே நின்றுவிடுவார்.

“பாலம் வருது, டூபே,” “மேடு ஏறுறோம்,” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பைன்டவுன் நெருங்கும்போது, முன்னால் இருந்த பெண் அயாண்டாவின் புதுச் சீருடையைப் பார்த்தாள்.

“பெரிய ஸ்கூலாச்சே. யாரைப் பிடிச்சு இடம் வாங்கினீங்க?”

மகள் கூச்சத்தில் தலைகுனிந்தாள். லெங்கிவேவுக்குப் பொறுக்கவில்லை.

“யாரையும் பிடிக்கல. பரீட்சை எழுதி வாங்கினா.”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சாலையோரத்தில் நின்றேன். தூரத்தில் போகும் வேனிலிருந்து அவள் குரல் கேட்டது. “இருக்கீங்கல்ல, டூபே?”

உயிரோடு இருந்தபோதும் நான் பதில் சொன்னதில்லை. அதை நம்பித்தான் அவள் போய்க்கொண்டிருக்கிறாள்.