ஆளுக்கு ஒரு நிமிஷம்

“மர்ரே, ஆளுக்கு ஒரு நிமிஷம்தான்னு சொன்னேன். நீங்க மார்ச் மாசத்தையே இன்னும் தாண்டலையே!”

பிராடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துறைமுக நகரமான வெலிங்டனில் அந்த மென்பொருள் நிறுவனத்துக்குப் புது முறையைக் கொண்டுவந்தவன் அவன்தான். காலை ஒன்பதுக்கு எல்லாரும் நின்றுகொண்டே பேசவேண்டும். நேற்று எதை முடித்தோம், இன்று எதைத் தொடப்போகிறோம், அவ்வளவுதான். ஏதாவது மாறினால் சுவரில் ஒட்டிய மஞ்சள் சீட்டை நகர்த்தினால் போதும்.

மர்ரே பழைய ஆள். வருஷக் கடைசி வரைக்கும் திட்டம் போட்டு, பாய் மாதிரி ஒரு தாளில் அச்சடித்து வைத்திருப்பார். தினமும் அதை விரித்து முதலிலிருந்து வாசிப்பார்.

“ஒரு சீட்டுல எழுதி ஒட்டிட்டுப் போங்களேன், மர்ரே.”

“ஜன்னலைத் திறந்தா உன் சீட்டெல்லாம் துறைமுகத்துக்குப் பறந்துடும்ப்பா. என் திட்டம் பறக்காது.”

கதவைத் தள்ளிக்கொண்டு மெரியானா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அப்பாடா, கூட்டம் இன்னும் முடியலையா?”

“மர்ரே இருக்கிறவரைக்கும் எப்படி முடியும்?” என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

பிராடி சிரிக்கவில்லை. குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வரவேண்டும், கூட்டத்தைப் பத்து நிமிஷம் தள்ளிவைக்க முடியுமா என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே கேட்டவள் அவள். “ஒன்பதுன்னா ஒன்பதுதான். கூட்டத்தைத் தவறவிட்டா வேலை நிரந்தரமாகாது” என்று கறாராகச் சொல்லியிருந்தான்.

அன்று மாலை மர்ரேயைத் தனியாகக் கூப்பிட்டான்.

“நாளையோட சரி, மர்ரே. அப்புறம் நீங்க கூட்டத்துக்கு வரவேண்டாம். உங்களால எல்லார் நேரமும் வீணாகுது.”

“சரிப்பா” என்றார் அவர்.

மறுநாள் ஒன்பது மணி. பிராடி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். மர்ரே எல்லாரையும் ஒருமுறை நோட்டம் விட்டார். தாளை விரிக்கவே இல்லை.

“எல்லாம் திட்டப்படி போகுது. அவ்வளவுதான்.”

பிராடிக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டம் முடிந்ததும் அவர் தோளைத் தட்டினான்.

“பார்த்தீங்களா! கடைசி நாள்லயாவது என் வழிக்கு வந்துட்டீங்க!”

“உன் வழியும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று காதோடு சொன்னார் மர்ரே. “மெரியானா வீட்டுக்காரருக்கு இன்னிக்கு லீவு. குழந்தையை அவர் பார்த்துக்கிறார், இவ நேரத்துக்கு வந்துட்டா. மத்த நாள்ல அவளுக்குப் பத்து நிமிஷம் வேணும். எதையும் மாத்திக்கலாம் மாத்திக்கலாம்னு சொல்ற நீ அதைத் தரல. அதான், நான் என் திட்டத்துல சேர்த்துக்கிட்டேன்.”