கடலில்லா நாட்டுக் கப்பல்காரன்

“மலர், உன்ரை மகள் ஒரு வெள்ளைக்காரக் கப்பல்காரன்ரை படத்தைப் போனிலை வைச்சு ரசிக்கிறாள். பஸ்ஸிலை என்ரை கண்ணாலை கண்டனான்!”

தில்லைநாயகிக்கு மூச்சு வாங்கியது. சுவிஸின் லுசேர்ண் நகரில் எந்தத் தமிழ் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அறிந்தவர், மூன்று மாடி ஏறி வந்து சொல்கிறார் என்றால் சேதி சூடாகத்தான் இருக்கும்.

சிவமலர் அடுப்பை அணைத்தார். குடும்பம் விசாரிக்காமல் இந்த வீட்டில் ஒரு கலியாணமும் நடக்காது. இன்றைக்கே இதை முறித்துவிடுவது என்று மகளின் அறைக்குள் நுழைந்தார். தில்லைநாயகி போகவில்லை. செருப்பைத் தேடுகிற சாட்டில் கதவோரம் நின்றுகொண்டார்.

“ஆரடி அவன்?”

லக்சனா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒஸ்திரியா-ஹங்கேரிக் கடற்படை அதிகாரி, அம்மா.”

“எனக்கே சுத்துறியோ? ஒஸ்திரியாவிலை ஏதடி கடல்? மாடு மேயிற மலைதானே கிடக்கு!”

“அப்ப இருந்தது. பீரங்கிக் கப்பல் ஒண்டுக்கே கப்டனா இருந்தவர். 1918இலை நாடு உடைஞ்சுது. கடலும் போச்சு, கப்பலும் போச்சு.”

“அப்ப அவன்...”

“செத்து எழுபது வருசம். என்ரை யூனிவேர்சிட்டி ஆய்வு அவரைப் பற்றித்தான்.”

சிவமலருக்குப் போன உயிர் வந்தது. கட்டிலில் அமர்ந்தார். செத்தவன் என்று தெரிந்ததும் ‘அவன்’ உடனே ‘அவர்’ ஆனது.

“பாவம். பிறகு என்ன செய்தவர்?”

“சுவிசுக்கு அகதியா வந்தவர். இந்த ஏரிக் கப்பலிலை டிக்கெட் வெட்டிப் பிள்ளையளைப் படிப்பிச்சவர்.”

சிவமலரின் கண் கலங்கியது. யாழ்ப்பாணத்தில் வங்கி அதிகாரியாக இருந்த கணவர் சிவநேசனும் இங்கே ஹோட்டலில் கோப்பை கழுவித்தான் மகளைப் படிப்பித்தார்.

“உன்ரை அப்பாவைப் போலை ரோசமான மனுசன். இப்பிடியொரு குடும்பத்திலை சம்பந்தம் கிடைச்சால் நான் மறுபேச்சுப் பேசமாட்டன்.”

“சத்தியமா?”

“சத்தியமா!”

லக்சனா மடிக்கணினியை மூடினாள். “அவரின்ரை பேரன்ரை மகன் கீழை வாசல்லை நிக்கிறார், அம்மா. நான் கட்டப்போறவர். குடும்பம் விசாரிச்சு முடிஞ்சுதுதானே?”

சிவமலர் கதவோரம் திரும்பி முறைத்தார். “நல்லா உளவு பாத்தியள், அக்கா! நிக்கிறவனை விட்டிட்டுச் செத்தவனைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறியள்!”

“அவவை ஏசாதையுங்கோ,” என்று லக்சனா எழுந்தாள். “அவ பாக்கவேணும் எண்டுதானே பஸ்ஸிலை அந்தப் படத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்.”