பகீத்துக்கு எந்தப் பழம்?

"பப்பாளியில என்ன இருக்கு, பூரா தண்ணி. அதுக்குப் பதிலா ஒரு சொம்புல மொண்டு குடுத்திருக்கலாம்" என்றாள் கஸால்.

"வாழைப்பழத்துல மட்டும் என்ன வாழுதாம்? வெறும் சக்கரை. படுத்துக் கிடக்கிற மனுஷனுக்கு அதை ஊட்டி ஊட்டி, ஒட்டகக் குட்டி மாதிரி கொழுக்க வைக்கப் பாக்குறியா?" என்றாள் துஃபூல்.

துஃபூல் பகீத்தின் மூத்த மனைவி. கஸால் இளையவள். கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு தட்டோடு நின்றார்கள். நடுவில் காலில் பெரிய கட்டோடு பகீத்.

அரபு நாட்டில், சலாலா மலையில் மழைச் சேறு. ஓடிப்போன ஒட்டகத்தைத் துரத்தியவர் வழுக்கி விழுந்துவிட்டார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால், "இனிமே மலை ஏறுறதை மறந்துடுங்க" என்று டாக்டர் சொன்னதிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு வரும், வந்தபடியே திரும்பிப் போகும்.

இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான். அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லத்தான் உணவு ஆலோசகர் நஸ்ரா வார்டுக்கு வந்திருந்தாள். வந்தால் இங்கே பழச்சண்டை.

"டாக்டரம்மா வந்துட்டாங்க. அவங்களே சொல்லட்டும்" என்றாள் கஸால்.

"நான் டாக்டர் இல்லைங்க."

"வெள்ளைக் கோட்டு போட்டிருக்கீங்கல்ல, அது போதும். எதுல சத்து அதிகம்? யாருக்கும் பயப்படாம சொல்லுங்க."

நஸ்ராவுக்குத் தொழில் புத்தி முந்திக்கொண்டது. "பப்பாளியில வைட்டமின் சி அதிகம். வாழைப்பழத்தை விட ஆறேழு மடங்கு. புண்ணு ஆற அது வேணும்."

துஃபூல் வார்டு முழுக்க ஒரு பார்வை பார்த்தாள், தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி.

"ஆனா பொட்டாசியம் வாழைப்பழத்துலதான் ரெண்டு மடங்கு. உடம்புக்குத் தெம்பும் ரெண்டு மடங்கு."

"ரெண்டும் ரெண்டும் நாலு மடங்கு. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் கஸால்.

"ஆறு பெருசா, நாலு பெருசா? உனக்குக் கணக்கும் வராது, கறி சமைக்கவும் வராது."

பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை விலக்கினார். "பகீத், எதையாவது ஒண்ணை வாயில போட்டு இவங்களை அனுப்பிவைப்பா. உனக்குக் கால்தான் போச்சு. எனக்குக் காதே போகுது."

பகீத் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார்.

"இந்தாங்க. தின்னு பாத்துட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்று துஃபூல் ஒரு பப்பாளித் துண்டை நீட்டினாள். பெருமூச்சோடு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

கஸால் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவுதான். பகீத்தின் கை வாழைப்பழத்துக்குப் போனது.

"அவளுக்கு ஒரு முழுப் பழம், எனக்கு ஒரே ஒரு துண்டா?" என்றாள் துஃபூல்.

கை மறுபடி பப்பாளிக்கு வந்தது.

நஸ்ரா முகத்தைச் சுளித்தாள். பாவம், மனுஷன் பயத்தில் விழுங்குகிறார். கால் உடைந்து கிடக்கிறவரிடமா இவர்கள் பங்குச் சண்டை போடுவது?

பார்வையாளர் நேரம் முடிந்தது. இருவரும் ஒருவரையொருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியேறினார்கள். நஸ்ரா அங்கேயே முடிவு செய்துவிட்டாள். நாளையிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு மனைவிக்குத்தான் அனுமதி. முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று பின்னாலேயே இறங்கிப் போனாள்.

வெளியே பூந்தூறல். வண்டி நிறுத்தும் இடத்தில் துஃபூலின் தலைக்கு மேல் குடை பிடித்தபடி கஸால் நின்றிருந்தாள்.

"இன்னிக்குத் தட்டு ரெண்டும் பாதிக்கு மேல காலி, அக்கா. ஒட்டகக் குட்டின்னு ஒரு போடு போட்டீங்க பாருங்க, அப்பவே அவரு தோளு அசைஞ்சுது. சிரிப்பை அடக்குறாரு."

"உன் அழுகை மட்டும் லேசுப்பட்டதா? நானே நம்பிட்டேன், உனக்குக் கறி சமைக்க வராதுன்னு சொல்லியிருக்கக் கூடாதோன்னு."

நஸ்ராவைப் பார்த்ததும் இருவரும் திருடி மாட்டியவர்கள் போல் விழித்தார்கள்.

துஃபூல்தான் முதலில் வாய் திறந்தாள். "கெஞ்சிப் பாத்தோம்மா, திரும்பல. அழுது பாத்தோம், திரும்பல. முப்பது வருஷமா இவ வீட்டுல ஒரு வாய் தின்னா என் வீட்டுலயும் ஒரு வாய் திங்காம படுத்ததில்ல அந்த மனுஷன். ஒரு தட்டுல கை வச்சுட்டா இன்னொண்ணை அவரால விட முடியாது."

"மலை போச்சேன்னு கிடக்காரு" என்றாள் கஸால். "வீட்டுல பஞ்சாயத்து பண்ண நான் இல்லேன்னா இவளுக ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டுச் சாவாளுகன்னு நெனைக்கட்டும். அப்பத்தான் எந்திரிப்பாரு."

"வார்டே எங்களைக் கேவலமாப் பாக்குது. பாத்துட்டுப் போகட்டும்" என்றாள் துஃபூல்.

சொல்ல வந்ததை நஸ்ரா விழுங்கிக்கொண்டாள். குடைக்குள் தானும் வந்து ஒண்டிக்கொண்டாள்.

"நாளைக்கு என்ன கொண்டு வர்றீங்க?"

"இதேதான். பப்பாளி, வாழை."

"அலுத்துடும். யாராவது ஒருத்தர் கொய்யாவுக்கு மாறுங்க. வைட்டமின் சியில பப்பாளியெல்லாம் அதுக்குப் பக்கத்துலகூட வர முடியாது." நஸ்ரா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் யார் பக்கம் பேசணுங்கிறதை மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க."